இரண்டு ஒன்பதுகளும் ஒரு ஞானஸ்நானப் பெயரும்

கித்தேரியான் மாமா வாழ்நாளில் ஒரே ஒரு நாள்தான் புளுகாமல் இருந்தாராம். அன்றைக்கு அவருக்குத் தொண்டை கட்டியிருந்தது. ஜோவிற்றாவின் கெட்ட நேரம், இன்று தொண்டை திவ்வியமாக இருந்தது.

நாளைக்கு அவள் மகனுக்கு ஞானஸ்நானம். ஐந்து மணிக்குக் கோயில் உபதேசியார் வந்து பெயரை எழுதிக்கொண்டு போவார். மாமா அவள் கணவன் டெரன்சுக்குப் பெரியப்பா. முப்பது வருஷம் கப்பலில் சமையல்காரர். பிள்ளைக்குக் கித்தேரியான் என்றுதான் பெயர் வைக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். ஜோவிற்றாவோ, பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே ரூபன் என்று கூப்பிடத் தொடங்கியவள். சண்டை முற்றி, சோறு ஆறி, கடைசியில் போக்கர் சீட்டாடித் தீர்த்துக்கொள்வது என்றாயிற்று. கான்வென்ட் விடுதியில் ஜெபமாலை நேரத்தில் கட்டிலுக்கடியில் கற்ற ஆட்டம் இப்படிக் கைகொடுக்கும் என்று அவள் கண்டாளா? ஆளுக்கு முப்பது புளியங்கொட்டை. எல்லாவற்றையும் இழந்தவர் பெயரைப் பற்றி மூச்சு விடக்கூடாது.

இப்போது அவள் கையில் ஒரு ஜோடி ஒன்பது. சீட்டை எறிந்து விலக மனம் வராது, நம்பி இறங்கவும் தைரியம் வராது. அவர் இரண்டு கொட்டை வைக்க, இவளும் இரண்டு வைத்தாள், அதற்குமேல் ஏற்றவில்லை. மூன்று சீட்டு மாற்றியும் புதிதாக ஒன்றும் சேரவில்லை. மாமா ஒரே ஒரு சீட்டை மாற்றினார், பார்த்தார், மிச்சமிருந்த கொட்டை அத்தனையையும் நடுவில் தள்ளினார்.

"எறிஞ்சிரும்மா. நடுத்தரச் சீட்டை வச்சுக்கிட்டு என்னைய எதிர்த்தவன் உருப்பட்டதில்ல. அந்த ஆட்டத்துல நான் யாருன்னு உலகத்துக்கே தெரியும்."

"இந்தத் தெருவுக்குத் தெரியலையே," என்றாள் பூண்டு உரித்துக்கொண்டிருந்த அவர் மனைவி மிக்கேலம்மா.

"நீ சும்மா இரு. கேளும்மா. கிரேக்கக் கப்பல். எதிர்ல கேப்டன். என் கையில ஒரு ஜோடி எட்டு. அப்படிச் சீட்டு வந்தா மாமியார் வீட்டுல இருக்கிற மாதிரி இருக்கணும். ரொம்ப உரிமை கொண்டாடவும் கூடாது, கோவிச்சுக்கிட்டுக் கிளம்பவும் கூடாது. அவன் வச்சா நானும் வப்பேன். ஏத்தமாட்டேன். வாயைத் தெறக்கவே மாட்டேன். இப்படிப் பதினேழு நாள்!"

"சாப்பாடு?" என்றான் தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்த டெரன்ஸ்.

"சமையல்காரனே நாந்தானலே! கப்பலே பட்டினி. பத்தாம் நாள் ஒரு திமிங்கலம் தலையை நீட்டி என் சீட்டை எட்டிப் பார்த்துச்சு. அன்னைக்கிலிருந்து அது மூச்சே விடல."

"திமிங்கலத்துக்குச் சீட்டாடத் தெரியுமோ?"

"தெரியாமயா மூச்சைப் பிடிச்சிச்சு? பதினஞ்சாம் நாள் கேப்டன் கப்பலையே வச்சான். நான் பதிலுக்கு மன்னார் வளைகுடாவை வச்சேன்."

"அது உம்முடையதா?" என்றாள் மிக்கேலம்மா.

"அப்போ கேட்க ஆளில்ல. பதினேழாம் நாள் நான் செத்துப்போனேன்."

மிக்கேலம்மாவின் கையில் பூண்டு நின்றது. "எனக்கு ஒரு தாக்கலும் தந்தியும் வரலையே!"

"கொஞ்ச நேரந்தான். மேல போனா வாசல்ல பேதுருவானவர். சொர்க்கத்துச் சாவிக்கொத்தை வச்சு ஆடக் கூப்பிட்டாரு. செத்தாலும் நான் சீட்டை விடலையே, அதே எட்டு ஜோடி! அவரு வைக்க நான் வைக்க, கடைசியில எறிஞ்சுட்டாரு. 'கித்தேரியான், எனக்குத் தொறந்து பூட்டுறதைத் தவிர வேற வேலை தெரியாதே'ன்னு ஒரே அழுகை. பாவம்னு சாவியைத் திருப்பிக் குடுத்துட்டு இறங்கி வந்தேன். செத்தவன் எழும்பி உட்கார்ந்து 'உம், வை'ன்னதும் கேப்டன் சீட்டை எறிஞ்சான் பாரு, அப்படி நீயும் எறிஞ்சிரும்மா."

ஜோவிற்றா தன் ஒன்பதுகளை இன்னொரு முறை பார்த்தாள். தோற்றால் பள்ளிக்கூடத்துப் பையன்கள் தன் பிள்ளையைக் "கித்தி, கித்தி" என்று துரத்துவது இப்போதே காதில் கேட்டது. ஆனாலும் ஒன்று உறுத்தியது. பெரிய சீட்டு வைத்திருப்பவர் எதிராளியை ஏன் இப்படி விரட்டுகிறார்? கையைப் பிடித்து உட்காரவைத்து விருந்தல்லவா போடுவார்? சரி, நடுத்தரச் சீட்டு என்றால் அவரே சொன்னபடி பதினேழு நாள் வாயைத் திறக்க மாட்டார். இன்றைக்கோ அரைமணி நேரமாக மூடவில்லை.

அவளும் சரிக்குச் சரியாகத் தன் கொட்டை முழுவதையும் நடுவில் தள்ளினாள். "காட்டுங்க பெரிய மாமா."

"நல்லா யோசிச்சுக்கோம்மா."

"காட்டும்வே!" என்று மிக்கேலம்மாவே சீட்டுகளைப் பிடுங்கித் திருப்பிப் போட்டாள். நாலு, ஐந்து, ஆறு, ஏழு என்று ஒழுங்காக வரிசை வந்து, எட்டு நிற்க வேண்டிய இடத்தில் ஒரு ராஜா அசடு வழிய நின்றார். ஒரு ஜோடிகூட இல்லாத அதை வைத்து ஓர் ஈயைக்கூட ஜெயிக்க முடியாது.

ஜோவிற்றா இரண்டு ஒன்பதையும் மெதுவாக வைத்தாள். டெரன்ஸ் சிரிப்பை அடக்கத் தொட்டில் துணியை வாயில் திணித்துக்கொண்டான். வாசலில் உபதேசியார் செருப்பைக் கழற்றினார்.

"பிள்ளைக்கு என்ன பேரும்மா?"

"ரூபன்."

மாமா தொண்டையைச் செருமிக்கொண்டார். "ரூபனா? தங்கமான பேரு! நான் ஒன்பதாவது தடவை உலகத்தைச் சுத்தும்போது கடல்ல ஒரு தீவு கண்டுபிடிச்சேன் பாருங்க உபதேசியாரே. அதுக்கு நான் வச்ச பேரே ரூபன்தான்!"

ஜோவிற்றா பிள்ளையைத் தூக்கி அவர் மடியில் வைத்தாள்.

"உங்க தீவைச் சுத்தித் தண்ணியாயிருக்கு மாமா. துணியை மாத்துங்க."