டப்பாவில் அடைத்த குரல்

"அக்காவுக்குப் பேச்சு வரலீங்க டீச்சர்," என்றார் செங்கோடன்.

"டாக்டரப் பாக்க வேண்டியதுதானே அண்ணா?"

"அக்கா நல்லாத்தாங்க இருக்குது. லினக்ஸுக்குத்தான் ஒடம்பு சரியில்ல."

அக்கா பாவாயிக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்ததில் குரல் போய்விட்டது. அன்று முதல் அவர் தட்டுவதை மடிக்கணினிதான் பேசுகிறது. பேசும் நிரலை எழுதியவர் தம்பி செங்கோடன். மஞ்சள் மண்டியில் கணக்குப் பார்த்துக்கொண்டே, அக்காவுக்காகத் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டு எழுதியது.

டீச்சர் என்பது மும்தாஜ். பாலிடெக்னிக்கில் பாடம் எடுப்பவர். கணினியை இயக்கும் இலவச மென்பொருளான லினக்ஸுக்கு வேண்டிய நிரல்களைச் சரிபார்த்து ஊர் உலகத்துக்கு அனுப்பிவைக்கும் தன்னார்வலர்களில் ஒருவர். செங்கோடனைவிட வயதில் ரொம்பச் சின்னவர். அதனால் என்ன, நம் ஆள் ஞாயிற்றுக்கிழமை ஆனால் அவர் முன்னால் கைகட்டி நின்றுவிடுவார்.

"எப்ப நின்னுச்சு?"

"அப்டேட் வந்துச்சுங்க. குரல் குடுக்கிற துணை நிரல் புதுசா மாறிடுச்சு. என் நிரலுக்குப் பழசுதான் பழக்கம்."

மும்தாஜ் சற்று யோசித்தார்.

"டப்பால அடைங்க."

நிரலையும் அதற்கு வேண்டிய துணை நிரல்கள் அத்தனையையும் ஒரே கட்டாகக் கட்டி, வெளியே எதையும் தொடவிடாமல் வைக்கிற முறைக்கு நிரல் எழுதுகிறவர்கள் வட்டாரத்தில் டப்பா என்றுதான் பெயர். வெளியே உலகமே மாறினாலும் உள்ளே இருப்பது மாறாது.

செங்கோடன் அடைத்தார். அக்கா பேசினார்.

அக்காவின் மடிக்கணினியில் மட்டுமா? ஆஸ்பத்திரியில் பழக்கமான, அவரைப் போலவே குரல் போனவர்கள் ஆளுக்கொரு வகை லினக்ஸ் வைத்திருந்தார்கள். எல்லாவற்றிலும் அந்த ஒரே டப்பா ஓடியது. செங்கோடனுக்குத் தலைகால் புரியவில்லை.

கொஞ்ச நாளில் திரும்பி வந்தார்.

"சின்ன நிரலுங்க டீச்சர். டப்பா யானை கனம் கனக்குது."

"கனக்கட்டும்."

"அக்கா சேத்து வெச்ச வாக்கியமெல்லாம் வெளிய இருக்குது. டப்பாவுக்கு அது கண்ணுக்கே தெரியலீங்க."

"ஒரு கதவு வைங்க. அந்த ஒரு எடத்துக்கு மட்டும்."

வைத்தார். அதோடு மறந்தும் போனார்.

அடுத்த முறை வந்தபோது முகம் வெளுத்திருந்தது. குரல் தரும் அதே துணை நிரலில் ஒரு ஓட்டை, அது வழியாகக் கண்டவனும் கணினிக்குள் புகுந்துவிடலாம் என்று எங்கோ படித்திருக்கிறார்.

"நாங்க போன வாரமே ஓட்டைய அடைச்சு அனுப்பிட்டோமே," என்றார் மும்தாஜ். "ஒரு அப்டேட். எல்லாருக்கும் சரியாயிருக்கும்."

"டப்பாக்குள்ள இருக்கிறதுக்கு?"

"அது பழசுதான். நீங்க வெச்சதுதானே இருக்கும்."

"இப்ப என்னங்க பண்றது?"

"டப்பாவ ஒடைங்க."

செங்கோடன் திருதிருவென்று விழித்தார். அடை என்றதும் இதே வாய்தான், உடை என்பதும் இதே வாய்தான். ஆனாலும் குரு சொல்லாயிற்றே. உடைத்தார். நிரலைப் புதிய துணை நிரலுக்குப் பழக்கினார். அக்கா பேசினார்.

அவரும் நிம்மதியாக மண்டிக்குப் போனார்.

பிறகு ஒரு ஞாயிறு, அக்காவையும் கையோடு அழைத்து வந்தார். கும்பிடக்கூட இல்லை.

"அக்கா மகளப் பொண்ணு பாக்க வந்தாங்க டீச்சர். நான் மண்டிலயே இருந்துட்டனுங்க. அதுக்கு மொத நாளு மறுபடி ஒரு அப்டேட். சபைல அக்கா தட்டுது தட்டுது, சத்தமே இல்ல. பொண்ணோட அம்மாவுக்கு இஷ்டமில்ல போலன்னு எந்திரிச்சுப் போயிட்டாங்க."

மும்தாஜ் பாவாயியைப் பார்த்தார். பாவாயி மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார்.

"அடைன்னீங்க. ஒடைன்னீங்க. ரெண்டுலயும் கஷ்டம் எங்கக்காவுக்குத்தான். எனக்கு ஒரே பதில் வேணுமுங்க. டப்பா நல்லதா, கெட்டதா?"

"டப்பால அடைச்ச பின்னாடி அத யாருண்ணா பாத்துக்கிட்டாங்க?"

"டப்பா பாத்துக்கும்னு இருந்தனுங்க."

"ஒடைச்ச பின்னாடி?"

செங்கோடன் குரல் இறங்கியது.

"நீங்க பாத்துக்குவீங்கன்னு இருந்தனுங்க."

மும்தாஜ் ஒரு நாற்காலியை இழுத்து அவர் பக்கம் தள்ளினார்.

செங்கோடன் உட்கார்ந்தார். அக்காவிடமிருந்து மடிக்கணினியை வாங்கி வேலையைத் தொடங்கினார். நடுவில் மும்தாஜ் டீ வாங்கி வந்து கொடுத்தார், அது ஆறிப்போனது. பாவாயி சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டார். வெயில் தாழ்ந்தபோது கணினி தொண்டையைச் செருமுவதுபோல ஒரு சத்தம் போட்டது.

மும்தாஜ் பாவாயியை எழுப்பினார்.

"நீங்களே சொல்லுங்கக்கா. டப்பால வெக்கலாமா, வேண்டாமா?"

பாவாயி தட்டினார். கணினி பேசியது.

"டப்பான்னா என்ன கண்ணு?"

செங்கோடனுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. இத்தனை நாளும் டப்பா டப்பா என்று மண்டையை உடைத்துக்கொண்டது அக்காவுக்குத் தெரியவே தெரியாது. விளக்கிச் சொல்ல வாயெடுத்தார்.

பாவாயி கையைக் காட்டி நிறுத்தினார். மறுபடி தட்டினார், இந்த முறை நெடுநேரம்.

"அவங்க எந்திரிச்சப்ப, இருங்க, ஒரு வாய் சாப்பிட்டுப் போங்கன்னு தட்டுனேன் செங்கோடா. வரல. நீ எங்கயாவது நிக்கிறயான்னு வாசலையே பாத்துட்டிருந்தேன்."

செங்கோடன் டீச்சரிடம் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

மடிக்கணினிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, மாப்பிள்ளை வீட்டுக்கு எந்தப் பஸ் போகும் என்று அக்காவிடம் கேட்டார்.