கூப்பிடு தூரம்

மருதமரப் பள்ளியில் யார் வீடு தொலைவு, யார் வீடு அருகு என்று பிரிக்கும் பொறுப்பு மயிலிடம் இருந்தது. தொலைவிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு மரப்பொந்து விடுதியில் இடம் உண்டு. அருகில் இருப்பவர்கள் நாள்தோறும் வீட்டுக்குப் போய் வர வேண்டும்.

முள்ளம்பன்றி மூன்றாவது முறையாக மயிலின் முன்னால் வந்து நின்றது. அதன் வீடு ஆற்றுப் பள்ளத்துக்கு அக்கரையில். மகள் சிலுப்பி விடியலில் கிளம்பிப் பள்ளத்தில் இறங்கி, ஆற்றைக் கடந்து, மேடேறி வருவதற்குள் பாதிப் பாடம் முடிந்துவிடும். இன்னும் நாலு நாளில் மழை. வெள்ளம் வந்தால் வழி இல்லை. வழி இல்லையென்றால் படிப்பும் இல்லை.

"மறுபடியும் நீயா!" என்றது மயில். "உன் வீடு கூப்பிடு தூரம்தானம்மா! நேற்றுக்கூட இங்கிருந்து கூப்பிட்டேன். 'என்னங்கய்யா' என்று கேட்டாயே!"

"குரல் வரும் ஐயா. கால் வர வேண்டாமா?"

"கூப்பிட்டால் கேட்கிற வீடு அருகு. கேட்காத வீடு தொலைவு. அதுதான் சட்டம்!"

"அப்படியானால் வாத்துக் குஞ்சுக்கு எப்படி இடம் கொடுத்தீர்கள்? அதன் வீடு இதோ, நாற்பது அடியில் இருக்கிறது!"

"அருவிக்குப் பக்கத்து வீடாயிற்றே! பத்து முறை கூப்பிட்டேன். இரைச்சலில் யார் காதிலும் விழவில்லை. ஆகவே தொலைவு!"

பொந்துக்குள்ளிருந்து வாத்துக் குஞ்சு தலையை நீட்டியது. "நானும் சொல்லிப் பார்த்துவிட்டேன் அத்தை! இங்கே நீந்தக்கூடத் தண்ணீர் இல்லை!"

முள்ளம்பன்றியின் முட்கள் ஒவ்வொன்றாக எழுந்து நின்றன. இதனிடம் பேசிப் பேசி வாய் வலித்ததுதான் மிச்சம்! பல்லைக் கடித்துக்கொண்டு வீடு திரும்பியது.

மறுநாள் காலை அக்கரையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"மயிலய்யா! புதுக் கறையான் புற்று உடைத்திருக்கிறேன்! விருந்துக்கு வாருங்கள்!"

கறையான் என்றதும் மயிலுக்கு நாக்கில் நீர் ஊறியது. "இதோ வந்துவிட்டேன்!" என்று கிளம்பியது.

அவ்வளவு நீளத் தோகையோடு அந்த அகலப் பள்ளத்தைப் பறந்து கடக்க முடியுமா? இறங்கியது. ஆற்றில் நனைந்தது. முட்புதரில் தோகை சிக்கி, விடுவிக்கவே பாதி நாள் போனது. மேடேறியபோது தோகை முழுக்கச் சேறு, பொழுதும் சாய்ந்துவிட்டது. புற்றில் ஒரு கறையான்கூட மிச்சமில்லை.

"ஏன் ஐயா இவ்வளவு நேரம்? கூப்பிடு தூரம்தானே!"

"கூப்பிடு தூரம்தான். ஆனால் நடந்து வருவதென்றால்..." மயில் பாதியில் நிறுத்திக்கொண்டது. பிறகு மெல்ல, "இன்று இங்கேயே தங்கிக்கொள்ளட்டுமா?" என்று கேட்டது.

"அதெப்படி? அருகில் இருப்பவர்கள் அன்றன்றே வீட்டுக்குப் போக வேண்டும். அதுதான் சட்டம்!"

மயில் தன் சேற்றுத் தோகையைப் பார்த்தது. எதிரே நின்ற சிலுப்பியின் சேற்றுக் கால்களையும் பார்த்தது. பின் பள்ளத்தின் ஓரம் போய், பள்ளியைப் பார்த்து உரக்கக் கூவியது:

"வாத்துக் குஞ்சே! நீ வீட்டுக்குப் போ! அந்த இடம் சிலுப்பிக்கு!"

"அப்பாடா!" என்ற பதில் பள்ளிப் பக்கத்திலிருந்து தெளிவாகக் கேட்டது.

குரல் எட்டும் இடமெல்லாம் கால் எட்டாது. நடப்பவரைக் கேட்காமல் தூரத்தை அளக்காதே.