இல்லை என்று சொல்லத் தெரிந்த பூதம்

நெய்தலூர் என்று ஒரு சின்ன ராஜ்யம். அதை ஆண்டவர் கடம்பவழுதி. அவருடைய அரண்மனையில் ஓர் ஓலைக்கூடம் இருந்தது. முப்பாட்டன் காலத்திலிருந்து சேர்ந்த ஓலைகள் அறை அறையாக அடைந்து கிடந்தன. உள்ளே போன ஓலையை மறுபடி வெளியே எடுத்தவர் யாரும் இல்லை.

இந்தக் கஷ்டத்தைப் பார்த்து ஒரு சித்தர் அரசருக்கு ஒரு பூதத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். "கண்மூடித் திறப்பதற்குள் கூடம் முழுக்கத் தேடிவிடும். ஆனால் சொந்த புத்தி கிடையாது. எப்படி வேலை செய்ய வேண்டும் என்று எழுதிக் கழுத்தில் கட்டுங்கள். எழுதியதை எழுத்துப் பிசகாமல் செய்யும்" என்றார்.

எழுதுவது யார்? அவைப்புலவர் மகுடேசர் இருக்க வேறு யாரைக் கேட்பது? அவர் முந்நூறு பாட்டில் ஒரு விதிநூல் பாடி, பூதத்தின் கழுத்தில் கட்டிவிட்டார்.

அவையில் ஓலை வாசிக்கும் வெண்கோதை அதைப் புரட்டிப் பார்த்தாள். "ஐயா, எந்த அறையில் என்ன ஓலை இருக்கிறது என்று இதில் எங்குமே இல்லையே?"

"அம்மா, இது காவியம். இதில் அறைக்கணக்கு எல்லாம் வராது" என்றார் மகுடேசர்.

அந்தச் சமயம் பார்த்துப் பக்கத்து நாடான கருவேலியிலிருந்து தூதர் வில்லவராயர் வந்து நின்றார். "உங்கள் பாட்டனார் தாமரை ஏரியை எங்களுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். அந்த ஓலை எங்கள் அரண்மனையில் பத்திரமாக இருக்கிறது. ஏரி உங்களுடையது என்றால் நீங்கள் ஓர் ஓலை காட்டுங்கள்!"

நெய்தலூரின் வயல்கள் முழுக்க அந்த ஏரியை நம்பித்தான் இருந்தன. அரசர் பதறிப்போய், "பூதமே, தேடு!" என்றார்.

பூதம் விதிநூலின் முதல் பாட்டைப் படித்தது. 'அரசன் திருவடியைத் தலைமேல் தாங்கித் தேடப் புகுக' என்று இருந்தது. விறுவிறுவென்று சிங்காசனத்துக்குப் போய், அரசரின் இரண்டு காலையும் பிடித்துத் தூக்கித் தன் தலைமேல் வைத்துக்கொண்டது. அரசர் தலைகீழாகத் தொங்கினார். கிரீடம் உருண்டு தூதரின் காலடியில் போய் நின்றது.

"விடு! விடு!" என்று அரசர் கத்தினார். விடு என்ற சொல் எந்தப் பாட்டிலும் இல்லை. பூதம் அவரைத் தாங்கியபடியே எல்லா அறையும் சுற்றிவந்தது. திரும்பி வந்து இறக்கிவிட்டு ஓர் ஓலையை நீட்டியது. 'தாமரை ஏரி நெய்தலூருக்கே' என்று இருந்தது.

தூதர் அதை வாங்கித் தடவிப் பார்த்தார். பச்சை ஓலை. கீறிய இடத்தில் ஈரம்கூடக் காயவில்லை. அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "உங்கள் பாட்டனார் சற்று முன்தான் எழுதிக் கொடுத்தார் போலிருக்கிறது!"

"ஏன் இப்படிச் செய்தாய்?" என்று கோதை பூதத்தைக் கேட்டாள்.

"வெறுங்கையோடு வராதே என்று கடைசிப் பாட்டு சொல்கிறது. ஓலை கிடைக்கவில்லை. எழுதினேன்."

அரசருக்கு அவமானம் தாங்கவில்லை. "கோதை, குறை சொன்னாயே, நீயே எழுது! நாளை அவையில் மறுபடி மானம் போனால் நீ இந்த ஊரிலேயே இருக்கக் கூடாது."

கோதை பூதத்தை உட்காரவைத்து, ஒவ்வொரு சொல்லுக்கும் அது என்ன அர்த்தம் எடுத்துக்கொள்கிறது என்று கேட்டுக் கேட்டு எழுதினாள். எந்த அறையில் எந்த அரசர் காலத்து ஓலை. எந்த ஊர், எந்த விஷயம் என்று பார்த்துத் தேடுவது. கண்டதைக் கண்டபடியே கொண்டுவருவது. கடைசி வரியில் அவள் கை தயங்கியது. ஓலை உண்மையிலேயே இல்லாவிட்டால் ஏரி போய்விடுமே! ஆனாலும் எழுதினாள்: 'இல்லாவிட்டால் இல்லை என்று சொல். நீயாக எழுதாதே.'

எல்லாம் ஒரே ஓலையில் அடங்கிவிட்டது. மகுடேசர் அதை வாங்கிப் பார்த்து மூக்கைச் சுளித்தார். "இதில் எதுகை எங்கே?"

"எதுகை வேண்டுமா என்று பூதத்தைக் கேட்டேன், ஐயா. 'எதுகை எந்த அறையில் இருக்கிறது?' என்று அது கேட்டது."

மறுநாள் அவை கூடியது. பூதத்தின் கழுத்தில் இப்போது கோதையின் ஓலைதான். பூதம் போன வேகத்தில் திரும்பியது. "ஏரி நெய்தலூருடையது என்று ஓலை இல்லை."

அரசர் முகம் செத்துப்போனது. தூதர் துள்ளி எழுந்தார்.

கோதை பூதத்தின் பக்கம் திரும்பினாள். "கருவேலிக்குக் கொடுத்ததாக ஓலை உண்டா?"

"அதுவும் இல்லை."

"எங்களிடம் இருக்கிறது!" என்றார் தூதர்.

"ரொம்ப நல்லது" என்றாள் கோதை. "பூதம் உங்களோடு வந்து தேடட்டும். இருந்தால் ஏரி உங்களுடையது."

"அது உங்கள் பூதம். உங்கள் பக்கம்தான் பேசும்."

"சொந்த அரசர் முகத்துக்கு நேரே இல்லை என்றதை இப்போதுதானே கேட்டீர்கள்? அதுவா எங்களுக்காகப் பொய் சொல்லப்போகிறது?"

தூதருக்கு வியர்த்தது. "அது… அந்த ஓலையைக் கரையான் அரித்திருக்கலாம்…"

"நேற்று பத்திரமாக இருந்ததே!"

வில்லவராயர் மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனவர்தான். அதற்குப் பிறகு ஏரிப் பேச்சே கருவேலியிலிருந்து வரவில்லை.

அரசருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அந்த உற்சாகத்தில், "பூதமே! நான் களத்தில் நின்று வென்ற போர்களின் ஓலைகளை எல்லாம் கொண்டுவா! அவை கேட்கட்டும்!" என்றார்.

பூதம் போய்விட்டு வந்தது. "இல்லை."

"நன்றாகத் தேடினாயா?"

"தேடினேன். போரைப் பற்றி மகுடேசர் பாடிய பாட்டுகள் ஓர் அறை நிறைய இருக்கின்றன. போர் இல்லை."

அரசர் இருமினார். கோதையைச் சைகை காட்டி அருகில் அழைத்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார். "அந்தக் கடைசி வரியை மட்டும் கொஞ்சம் மாற்ற முடியுமா?"

"மாற்றலாம், அரசே. ஆனால் அந்த வேலைக்குத்தான் ஏற்கெனவே மகுடேசர் இருக்கிறாரே!"

அரசர் முறைக்கத்தான் பார்த்தார். முடியவில்லை. கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். கழுத்து முத்துமாலையைக் கழற்றிக் கோதையிடம் கொடுத்தார்.

அந்தப் பரிசைப் பாட மகுடேசர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு எழுந்தார்.

"உட்காரும்!" என்றார் அரசர்.