ஜரிகைப் பூச்சி

“டீச்சர், மூணு வாரமா ஓடையே கதின்னு கிடக்கிறேன். ஒரு மீன்கூட என்னைத் திரும்பிப் பாக்கல” என்றார் மரியசூசை.

சௌந்தரி கேரட் நறுக்கிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

“பூச்சியைக் காட்டுங்க.”

அவர் ஸ்வெட்டருக்குள் கைவிட்டு ஒரு தகர டப்பாவை எடுத்தார். அதற்குள் பஞ்சு. பஞ்சுக்குள் ஒரே ஒரு பூச்சி.

உயிருள்ள பூச்சி இல்லை. தூண்டில் முள்ளில் நூலும் சேவல் இறகும் சுற்றிக் கையால் கட்டியது. பறக்கிற பூச்சிதான் தண்ணீரில் விழுந்திருக்கிறது என்று டிரவுட் மீனை நம்பவைக்கக் கட்டுகிற பொய்ப் பூச்சி. இதன் வயிற்றில் மட்டும் பொன்னிறத்தில் ஓர் இழை வரிவரியாக ஓடியது.

சௌந்தரி கத்தியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தாள்.

“அழகா இருக்கு. மூணு வாரமும் இதே பூச்சியா?”

“இதேதான்.”

“தூண்டில் நரம்பு அறுந்து போகல?”

“போகல.”

“மரத்துல மாட்டல?”

“ஒரு தடவைகூட இல்ல” என்றார் மரியசூசை. குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

சௌந்தரி அவரை ஒரு கணம் பார்த்தாள். பிறகு கேரட்டை எடுத்துக்கொண்டாள்.

“நாளைக்குக் காலைல நானும் ஓடைக்கு வரேன்.”

●

சௌந்தரிக்கு வயது நாற்பது. மரியசூசைக்கு அறுபத்திரண்டு. அவர்தான் அவளை டீச்சர் என்று கூப்பிட்டார். ஆரம்பத்தில் அது கேலி. பத்து நாளில் கேலி கழன்றுவிட்டது, டீச்சர் மட்டும் நின்றுவிட்டது.

ஊட்டிக்கு மேலே, மீன்பிடிக்க வருகிறவர்கள் தங்கும் ஒரு விடுதியில் அவள் சமையல்காரி. பதினெட்டு வருஷமாக அவர்கள் பிடித்துவரும் மீன்களின் வயிற்றைக் கீறிக் கழுவியவள். எந்த மாதத்தில், எந்த வானிலையில் டிரவுட் எதைத் தின்கிறது என்று அவளுக்குத் தெரிந்த மாதிரி அந்த மீனுக்கே தெரியுமா என்பது சந்தேகம்.

மரியசூசை அச்சகத்தில் முப்பது வருஷம் எழுத்துக் கோத்தவர். ஒரு வரி மயிரிழை கோணினாலும் அவருக்குத் தூக்கம் வராது. ஆனால் தூண்டிலைத் தொட்டதே கிடையாது.

தொட வைத்தது அவர் மனைவி அமலோற்பவம்.

ஆஸ்பத்திரியிலிருந்து அவளை வீட்டுக்கு அனுப்பும்போது, “இனி அவங்க கேட்டதைக் குடுங்க” என்றார் டாக்டர். அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று மரியசூசைக்குத் தெரியாமல் இல்லை. படியிறங்கும்போது கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினார்.

கஞ்சியே மூன்று கரண்டிக்கு மேல் இறங்காதவள், ஒன்றே ஒன்று கேட்டாள்.

“கல்யாணமான புதுசுல ஓடை மீன் சாப்பிட்டோமே. அது ஒண்ணு கிடைக்குமா?”

பண்ணையில் வளர்த்த மீன் ஒன்றை வாங்கிவந்து பொரித்துக் கொடுத்தார். ஒரு வாய் வைத்தாள்.

“தீவன வாசம் அடிக்குது” என்று தட்டை நகர்த்திவிட்டாள்.

அப்போதுதான் சௌந்தரியைத் தேடிக்கொண்டு போனார். விஷயத்தைக் கேட்டதும் அவள், “நான் பிடிச்சுத் தரட்டுமாங்கய்யா?” என்றாள்.

“முப்பத்தெட்டு வருஷத்துல எங்கிட்ட அவ எதையும் கேட்டதில்ல. கேட்ட ஒண்ணையும் இன்னொருத்தர் கையால வாங்கிக் குடுக்கவா?”

வீம்புதான். ஆனால் அந்த வீம்பைக் குறை சொல்ல யாருக்கு மனசு வரும்?

●

சௌந்தரி முதலில் நூலையே கண்ணில் காட்டவில்லை. மீனைக் கழுவச் சொன்னாள்.

“வயித்துல என்ன இருக்கு?”

“கறுப்பா ஏதோ.”

“பாருங்க.”

மறுநாள் இன்னொரு மீன். அதே கேள்வி. எழுத்துக் கோக்க வைத்திருந்த பூதக்கண்ணாடியை அவர் வீட்டிலிருந்து கொண்டுவந்தார்.

ஆறாம் நாள் சொன்னார்: “ஆறு கால். ரெண்டு வால். இறக்கை ஒண்ணு முறிஞ்சிருக்கு. சாம்பல் நிறம், அடிவயித்துல கொஞ்சம் மினுக்கம்.”

“இப்ப நூலை எடுங்க.”

மேசை விளிம்பில் திருகிய குட்டி வைஸ் இடுக்கியில் முள்ளைப் பொருத்தி, இரவல் சேவல் இறகை வைத்துக் கட்டினார். முதல் பூச்சி ஈரத்தில் நனைந்த விளக்குமாறு மாதிரி இருந்தது. சௌந்தரி பிளேடால் கீறிப் போட்டாள். நியாயம்தான் என்று விட்டுவிட்டார்.

இருபதாவது பூச்சி நன்றாகவே வந்தது. அதையும் கீறிப் போட்டாள்.

“கோணலா இருக்கா டீச்சர்?”

“இல்லீங்க.”

“தடிச்சுப்போச்சா?”

“இல்லியே.”

“அப்புறம் ஏன் வெட்டினீங்க?”

“நல்லாத்தான் இருந்துச்சு. இன்னொண்ணு கட்டுங்க.”

இப்படி நாற்பதுக்கு மேல் போனது. கட்டியதைக் கலைப்பது அவருக்குப் புதிதில்லை. அச்சடித்து முடிந்ததும் கோத்த பக்கத்தைக் கலைத்து எழுத்துகளை அதனதன் அறையில் போடுவது முப்பது வருஷமாகச் செய்த வேலை. ஆனாலும் பிளேடு ஏறும்போதெல்லாம் மனசு அடித்துக்கொண்டது.

அதனால்தான் ஜரிகைப் பூச்சியை வீட்டிலேயே கட்டினார். சௌந்தரியிடம் காட்டவில்லை. மூன்று வாரம் ஒளித்து வைத்திருந்ததை, வேறு வழியில்லாமல் இன்றுதான் வெளியே எடுத்திருந்தார்.

●

காலையில் பனிமூட்டம் விலகியபோது இருவரும் ஓடைக்கரையில் இருந்தார்கள்.

எதிர்க்கரையில் ஒரு காட்டுப் பூவரசு தண்ணீரின் மேல் சாய்ந்து கிடந்தது. அதன் கிளைக்கடியில் இருட்டாக ஒரு மடு. அங்கே அவ்வப்போது தண்ணீரில் ஒரு வட்டம் எழுந்து அடங்கியது.

மரியசூசை தூண்டிலை வீசினார். பூச்சி போய் மெத்தென்று விழுந்தது. மிதந்து வந்தது. இழுத்து, உலர்த்தி, மறுபடி வீசினார்.

சௌந்தரி ஒரு பாறையில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள்.

ஒரு மணி நேரம் கழித்துக் கேட்டாள்: “மீன் எங்க இருக்கு?”

“அந்தக் கிளைக்கு அடியில.”

“பூச்சி எங்க விழுது?”

மரியசூசை தண்ணீரைப் பார்த்தார். எப்போதும் விழுகிற இடத்தில்தான் விழுந்திருந்தது. கிளைக்கு இரண்டு முழம் இந்தப் பக்கம்.

“அதுக்கு மேல கை போக மாட்டேங்குது டீச்சர். வயசாச்சு.”

சௌந்தரி எழுந்து வந்து நரம்பைப் பிடித்தாள். பூச்சியைக் கழற்றிப் பஞ்சு டப்பாவில் வைத்தாள். இடுப்பிலிருந்த தீப்பெட்டியைத் திறந்து, ஒரு குச்சியை நரம்பின் நுனியில் கட்டினாள்.

“வீசுங்க.”

“தீக்குச்சியையா?”

“வீசுங்க ஐயா.”

வீசினார். குச்சி கிளைக்கு அடியில், மடுவின் நடுவில் போய் விழுந்தது.

இன்னொரு முறை வீசினார். அதே இடம்.

மூன்றாவது முறை, மீன் மேலே வந்தது. சாம்பல் முதுகும் புள்ளிகளும் துல்லியமாகத் தெரிந்தன. தீக்குச்சியை மூக்கால் முட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டது.

சௌந்தரி சிரித்துவிட்டாள். “கைக்கு ஒண்ணும் வயசாகல.”

அவர் சிரிக்கவில்லை. டப்பாவைத் திறந்து பூச்சியைப் பார்த்தார்.

“அங்க போட்டா மாட்டிக்கும் டீச்சர். அறுத்துத்தான் எடுக்கணும். எங்கிட்ட இது ஒண்ணுதான் இருக்கு.”

“இன்னொண்ணு கட்டுங்க.”

“இந்த ஜரிகை அவ கல்யாணப் புடவையில உருவினது. அவளுக்கே தெரியாது. முந்தானை ஓரத்துல ஒரே ஒரு இழைதான் எடுத்தேன்.”

“புடவையில இன்னும் இருக்குமில்ல?”

மரியசூசை டப்பாவை மூடினார். கல்யாணப் பட்டை உடுத்தித்தான் கல்லறைக்கு அனுப்புவது அவர்கள் வீட்டு வழக்கம்.

“அதைக் கட்டித்தான் அவளை அனுப்பணும்” என்றார். அந்த வார்த்தையை அவர் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்னதும் பாறையில் உட்கார்ந்து அழுதார்.

சௌந்தரி தேற்றவில்லை. உரித்த கடலையைப் பாதி அவர் கையில் வைத்தாள். அழுகை ஓயும்வரை பக்கத்திலேயே இருந்தாள்.

கிளம்பும்போது மட்டும் சொன்னாள்: “வீட்டுல போய் அம்மாகிட்ட கேளுங்க.”

●

அமலோற்பவம் ஜன்னல் பக்கம் தலையணையில் சாய்ந்திருந்தாள். மதிய வெயில் போர்வையில் விழுந்திருந்தது.

அவர் எல்லாவற்றையும் சொன்னார். தீக்குச்சியைச் சொன்னார். ஜரிகை உருவியதையும் சொன்னார்.

“தெரியும்” என்றாள் அவள்.

“எப்படி?”

“அன்னைக்கு பீரோ திறந்திருந்தப்ப பாத்தேன். புடவை அவ்வளவு நேரா மடிச்சிருந்துச்சு. எனக்கு என்னைக்கு அப்படி மடிக்க வந்திருக்கு?”

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

“எடுத்துட்டு வாங்க அதை. கத்திரிக்கோலையும் எடுத்துட்டு வாங்க.”

“அமலா, வேண்டாம். அது உனக்குன்னு வெச்சிருக்கேன்.”

“எப்பக் கட்டிக்கன்னு எனக்கும் தெரியும். கொண்டாங்க.”

சந்தன நிறப் பட்டு. முந்தானை முழுக்க ஜரிகை. மடியில் விரித்ததும் அவள் உள்ளங்கையால் ஒருமுறை தடவினாள்.

“கல்யாணத்தன்னைக்கு இந்தக் கனத்துல தோள்பட்டையே விட்டுப்போச்சு. சாமியார் பிரசங்கம் என்னன்னு கேட்டா எனக்குத் தெரியாது. எப்படா உக்காரச் சொல்லுவாருன்னே நின்னுட்டிருந்தேன். இந்தத் தடவையாவது நான் லேசாப் போறேன். பிடிங்க அந்தப் பக்கம்.”

அவர் விறைப்பாகப் பிடித்துக்கொண்டார். அவள் வெட்டினாள். நடுவில் நாலு தடவை கையைப் போட்டு மூச்சு வாங்கினாள். வெட்டு ஏகக் கோணலாகப் போனது. ஒரு வரி கோணினால் தூக்கம் வராத மனுஷன், வாயைத் திறக்கவில்லை.

முந்தானை தனியாக வந்ததும் அவர் கையில் கொடுத்தாள்.

“இதுல எத்தனை பூச்சி வரும்?”

“இருநூறு வரும். அதுக்கு மேலயும் வரும்.”

“ஒரு மீனுக்கு அது போதுமில்ல?”

●

மறுநாள் முதல் பூச்சி காட்டுப் பூவரசில் மாட்டியது. இழுத்துப் பார்த்தார். வரவில்லை. நரம்பை அறுத்தார்.

“போச்சு டீச்சர்.”

“அடுத்ததைக் கட்டுங்க” என்றாள் பாறையில் இருந்த சௌந்தரி.

இரண்டாவதும் மாட்டியது. மூன்றாவதும். நான்காவதை யோசிக்காமலே அறுத்தார். ஐந்தாவது பூச்சி மாட்டியபோது, “அட சனியனே” என்று மரத்தைத் திட்டினார். வெயில் பட்டு மரத்தில் அங்கங்கே ஜரிகை மினுங்கியது.

எட்டாவது பூச்சி கிளைக்கு அடியில் விழுந்தது.

●

மிளகும் உப்பும் தடவிப் பொரித்து, முள்ளை எடுத்து, ஒரு விள்ளலை அமலோற்பவத்தின் வாயில் வைத்தார் மரியசூசை.

அவள் கண்ணை மூடி மென்றாள். அவர் அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். அது மெதுவாக ஏறி இறங்கியது.

“உப்பு கம்மி” என்றாள்.

அவருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. தட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

“எத்தனை பூச்சி மரத்துல மாட்டுச்சு?”

“ஏழு.”

“ஏழுதானா?” என்று கேட்டுவிட்டு, அடுத்த விள்ளலுக்கு வாயைத் திறந்தாள்.