வெறுங்கிண்ணம் தராத நிக்கல்

உலோகமும் காற்றும் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், நிக்கல் ஒரு பாறைக்குள் இரும்போடும் கோபால்ட்டோடும் நெருக்கியடித்துக் கிடந்தான். ஒருநாளாவது கலப்பில்லாமல், தனியாகப் பளபளவென்று வெளியே நிற்க வேண்டும். அவனுக்கு இருந்த ஏக்கம் அது ஒன்றுதான்.

"பறந்து போயேன்டா! கல்லுக்கு றெக்கை முளைக்கப் போகுதாக்கும்!" என்று இரும்பு அண்ணன் கேலி செய்வான்.

பூமி புரண்டது, பாறை தூளானது. இளஞ்சூடான அந்தத் தூள்மேல் கார்பனும் அவள் புருஷன் ஆக்சிஜனும் காற்றாக வந்தார்கள். ஆக்சிஜன் மகா பிடிவாதக்காரன். மூன்று பிடி போட்டு அவளைப் பிடித்திருப்பான். அவளோ கொடுக்கிற கை. வெளிப்பக்கம் ஒரு கிண்ணத்தில் ஒரு ஜோடி எலக்ட்ரானோடு வாசல் வாசலாகப் போவாள். உலோகங்கள் வாங்கிக்கொண்டு வெறுங்கிண்ணத்தை நீட்டும். அப்புறம் அங்கே அவளுக்கு என்ன வேலை? வந்துவிடுவாள்.

நிக்கல் வாங்கிக்கொண்டான். ஆனால் கிண்ணத்தைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை.

"வெறுங்கிண்ணமாவா தருவேன்? இந்தாங்க அக்கா," என்று தன் எலக்ட்ரானை அள்ளி வைத்தான்.

அதை வைக்க அவளிடம் காலியிடம், புருஷனுக்கும் அவளுக்கும் நடுவில்தான் இருந்தது.

"அடியே, வாங்காதே! நம்ம பிடி தளர்ந்துடும்!" ஆக்சிஜன் அலறினான்.

"தளரட்டுமே, அறுந்தா போகும்? கொடுக்கத் தெரிஞ்சவளுக்கு வாங்கவும் தெரியணும்," என்று அவள் வாங்கிக்கொண்டாள்.

அவர்கள் பிடி கொஞ்சம் தளர்ந்தது. நிக்கலோடு அவள் பிடி இறுகியது! இவள் கொடுக்கக் கொடுக்க அவன் தந்தான். அவன் தரத் தர இவள் இன்னும் கொடுத்தாள். சேதி பரவி இவர்களைப் போலவே மேலும் மூன்று கார்பன்-ஆக்சிஜன் ஜோடிகள் ஓடிவந்து, நாலு பக்கமும் அவனை அணைத்துக்கொண்டன. அணைத்த வேகத்தில் தூளை விட்டு மேலே எழும்பினான்.

அடேயப்பா, பறந்தே விட்டான்!

"டேய்... நீயாடா?" இரும்பு வாயைப் பிளந்தான்.

"நானேதான் அண்ணே!"

இன்னும் சூடான இடத்துக்குப் போனதும் ஜோடிகள் விடைபெற்றன. நிக்கல் கலப்பில்லாமல், தனியாக, பளபளவென்று நின்றான். சந்தோஷத்தில் அவனுக்குத் தலைகால் புரியவில்லை. ஆக்சிஜன் தன் பிடியைத் தடவிப் பார்த்தான். பழையபடி மூன்றும் இறுக்கமாகவே இருந்தன.

"ஒண்ணும் கெட்டுப் போகலை," என்று முனகினான்.

கீழேயிருந்து இரும்பு கத்தினான்: "தம்பி, அந்தக் கிண்ணத்துல அப்படி என்னடா வச்சே?"

அன்றிலிருந்துதான் இந்த ஜோடியைச் சேர்த்துக்கொள்ளும் எந்த உலோகமும் கார்பன் தருவதை வாங்கிக்கொண்டு, கிண்ணத்தை வெறுமனே திருப்பித் தருவதில்லை.