கஸ்பார் இறுக்கிய திருகு

முதல் வருஷம், படகுப் போட்டியின் நடுவர் கல்துறைக்காரர்களின் படகில் உட்கார்ந்துகொண்டு முடிவுக் கோட்டைப் பார்த்தார். மணல்துறை வள்ளம் முந்திய நேரத்தில் அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாராம்.

இரண்டாம் வருஷம், கோட்டைக் காட்ட மிதக்கவிட்டிருந்த கொடிகள் இரண்டில் ஒன்று போட்டிக்கு நடுவே நகர்ந்தது. நீரோட்டம் இழுத்துவிட்டது என்றார்கள். ஒரு கொடியை இழுத்து மற்றதை விட்டுவைக்கும் நீரோட்டத்தை மணல்துறை அன்றுதான் கேள்விப்பட்டது.

மூன்றாம் வருஷம், கலவரம் வரும் என்று சொல்லிப் போட்டியையே நிறுத்தினார்கள். பழைய வெற்றியே இந்த வருஷத்துக்கும் செல்லும் என்று அறிவித்தார்கள்.

நான்காம் வருஷம், மணல்துறையிடம் ஒரு புகைப்படம் இருந்தது. அது கலங்கியிருந்தது.

கலங்கிய படத்தை எடுத்தவர் தோழர் தொம்மை. வயது அறுபத்திரண்டு. நாற்பது வருஷம் துண்டறிக்கை எழுதி, அச்சடித்து, தானே சுமந்து விநியோகித்த மனிதர். எந்த அதிகாரியையும் சார் என்று கூப்பிட்டதில்லை. அதனால் அவருக்கு நேர்ந்த நஷ்டங்களை எழுத ஒரு துண்டறிக்கை போதாது.

கல்துறையும் மணல்துறையும் ஒரே கரையின் இரண்டு குப்பங்கள். நடுவே கடலுக்குள் நீளும் அலைத்தடுப்புச் சுவர் ஒன்று. படகுப் போட்டியில் ஜெயிக்கிற துறைக்கு அந்த மழைக்காலம் முழுக்கச் சுவரின் உள்பக்கம். தோற்ற துறையின் வள்ளங்கள் வெளிப்பக்கம் கிடந்து அலையில் அடிபட வேண்டும். போன மழையில் மட்டும் மணல்துறைக்கு ஆறு வள்ளங்கள் உடைந்தன. மிச்சம் பதினொன்று. இந்த வருஷமும் வெளியே கிடந்தால் அவையும் விறகு.

நிவாரணத்தில் வந்தவை என்பதால் எல்லா வள்ளமும் ஒரே அச்சு, ஒரே வெள்ளை. மூக்கில் எழுதிய பெயரை வைத்துத்தான் அடையாளம். மணல்துறையின் போட்டி வள்ளத்துக்குப் பத்தொன்பது வீடு என்று பெயர். மணல்துறையில் இருப்பதே பத்தொன்பது வீடுதான். பெயர் நீளம், மூக்கு குறுகல். சின்ன எழுத்தில்தான் எழுத முடிந்தது. படத்தில் அந்த எழுத்து எறும்பு மொய்த்த மாதிரி இருந்தது.

சுவருக்குத் தலைவர் கல்துறைக் கஸ்பார். ஜெயித்த வள்ளத்தின் பெயரை இரண்டு துறையும் நிற்க அவர்தான் வாசிக்க வேண்டும், வாசித்ததுதான் தீர்ப்பு. போன வருஷம் அவர் அந்தப் படத்தைக் கூட்டத்துக்கு நேரே தூக்கிக் காட்டினார்.

"இது வள்ளமா, வெள்ளாடா வே?"

கூட்டம் சிரித்த சிரிப்பு தொம்மையின் காதில் பதினொரு மாதம் தங்கியது. பன்னிரண்டாம் மாதம் அவர் டவுனுக்குப் பஸ் ஏறினார்.

பஸ் ஸ்டாண்டு மாடியில் ஜெசிந்தாவின் ஸ்டூடியோ. முப்பத்திரண்டு வயது, ஒல்லி உடம்பு. பத்திரிகைக்கு விளையாட்டுப் படங்கள் எடுத்துக்கொண்டிருந்தவள். ஐந்து கிலோ லென்ஸ் ஒன்று அவளிடம் இருந்தது. போன வருஷம் தொம்மை இரவல் வாங்கியது அதைத்தான். லென்ஸை நிறுத்தும் முக்காலியையும் கொண்டுபோங்க என்று அப்போதே சொன்னாள். அந்தப் பாரத்தை எவன் சுமப்பான் என்று அவர் விட்டுவிட்டார்.

"இதைவிடப் பெரிய லென்ஸ் இருக்காம்மா?"

"இருக்கு."

"கொடு."

"பெரிசாக் கலங்கும்."

தொம்மை அவளைப் பார்த்தார். அவள் ஒரு கல்யாண ஆல்பத்துக்குப் பசை தடவிக்கொண்டிருந்தாள்.

"போன வருஷம் எது மேல வச்சு எடுத்தீங்க?"

அவர் பையிலிருந்து தன் முக்காலியை எடுத்தார். பளபளப்பான மெல்லிய கால்கள். "நானே பார்த்து வாங்கினது. ஒரு விரல்ல தூக்கலாம்."

"காத்துக்கும் ஒரு விரல் போதும்."

தொம்மைக்கு முகம் சிவந்தது. எழுந்து போய்விடலாமா என்று வாசலைப் பார்த்தார். பதினொரு வள்ளங்கள் ஞாபகத்துக்கு வந்தன. உட்கார்ந்தார்.

"சரி, டீச்சர். எது நல்லதுன்னு சொல்லு."

"நான் டீச்சர் இல்ல. ஸ்டூடியோக்காரி."

"படிக்க வந்தவன் வேற எப்படிக் கூப்பிட?"

அவள் பசையை மூடி வைத்தாள். உள்ளே போய் மூன்று முக்காலிகளைக் கொண்டுவந்து வரிசையாக நிறுத்தினாள்.

"நீங்களே எடுங்க."

தொம்மை உயரமானதை எடுத்தார். கால்களின் நான்கு அடுக்கையும் இழுத்து நீட்டினார். நடுத்தண்டையும் உயர்த்தினார். கேமரா அவர் கண்ணுக்கு நேரே வந்தது.

"நான் யார் முன்னாலயும் குனிஞ்சதில்ல, டீச்சர்."

அவள் லென்ஸை மாட்டினாள். எதிர்க் கட்டடத்துப் பெயர்ப்பலகையைக் காட்டினாள். "பாருங்க. நடுக்கம் நிக்கிற வரைக்கும் எண்ணுங்க." லென்ஸ் நுனியை நகத்தால் ஒரு சுண்டு சுண்டினாள்.

பலகை உள்ளே துள்ளியது. தொம்மை எண்ணினார். பதினொன்று.

அவள் நடுத்தண்டை இறக்கினாள். மறுபடி சுண்டினாள். ஆறு.

மூன்றாவது முக்காலிக்கு நடுத்தண்டே இல்லை. கால் ஒவ்வொன்றும் உலக்கைத் தடிமன். நீட்டினாலும் அவர் நெஞ்சுக்குக் கீழேதான் நின்றது. அவள் சுண்டினாள்.

ஒன்று. இரண்டு. நின்றுவிட்டது.

"இது ஆளைக் குனிய வைக்குதே!"

"எழுத்து தெரியுதா?"

தொம்மை குனிந்து, பலகையில் இருந்த டாக்டரின் பெயரையும், அதற்குக் கீழே பொடி எழுத்தில் இருந்த பட்டங்களையும் ஒன்று விடாமல் வாசித்தார்.

"கால் ஆச்சு. தலை?" என்றாள்.

லென்ஸைத் தாங்கும் தலைகளையும் மூன்றாக அவள் மேஜையில் வைத்தாள். முதலாவது, குண்டின்மேல் திரும்புவது. தொம்மை அதைப் பூட்டிவிட்டுக் கையை எடுத்தார். லென்ஸ் மெல்ல மெல்ல மூக்கைத் தொங்கப் போட்டது.

"பிரசங்கத்துல நம்ம ஆளுங்க மாதிரி தூங்கி விழுது" என்று கழற்றி வைத்தார்.

இரண்டாவது, தொட்டில் மாதிரி. ஐந்து கிலோ லென்ஸ் அதில் சுண்டுவிரலுக்கு ஆடியது. விட்ட இடத்தில் நின்றது. தொம்மையின் கண் விரிந்தது.

"இதுதான்! வள்ளம் எங்க போனாலும் கூடவே போகலாம்."

மூன்றாவது ஓர் இரும்புக் கட்டி. மூன்று திசைக்கு மூன்று கைப்பிடி, மூன்று திருகு. திருகை இறுக்கினால் அசைக்க முடியாது. "இது ரேஷன் கடைத் தராசுல்லா?"

"ரெண்டையும் எடுத்துக்குங்க. ஞாயித்துக்கிழமை நானே வாரேன்" என்றாள் ஜெசிந்தா.

ஞாயிறு காலை, சுவருக்குத் தெற்கே இருந்த பாறையில் முக்காலியை நிறுத்தினார்கள். பாறையில் ஒரே ஓர் இடத்தில் நின்றால்தான் கடலில் மிதக்கும் இரண்டு கொடிகளும் ஒன்றுக்குப் பின் ஒன்றாக மறையும். அந்த இடம்தான் கோட்டுக்கு நேர். காற்று பிய்த்தது. தொம்மை ஒரு நங்கூரக் கல்லைக் கயிறு கட்டி முக்காலியின் அடியில் தொங்கவிட்டார். கல் ஊசலாடியது, முக்காலியும் சேர்ந்து ஆடியது. அவள் கயிற்றைத் தளர்த்தி, கல்லின் அடி பாறையைத் தொடும்படி விட்டாள். ஆட்டம் அடங்கியது.

மணல்துறை இளைஞர்கள் ஒத்திகைக்குப் பத்தொன்பது வீடு வள்ளத்தைத் துடுப்புப் போட்டு வந்தார்கள். தொம்மை தொட்டில் தலையில் லென்ஸைச் சுழற்றிச் சுழற்றி எடுத்தார். படத்தைப் பார்த்ததும் பாறையிலேயே ஒரு குதி குதித்தார். துடுப்பிலிருந்து சொட்டிய தண்ணீர் தெரிந்தது. வியர்வை தெரிந்தது. பெயர் கல்வெட்டு மாதிரி இருந்தது.

"எப்படி, டீச்சர்!"

"அருமையா இருக்கு. வீட்ல மாட்டுங்க. கோடு எங்க?"

படத்தில் கொடியே இல்லை.

மறுபடி எடுத்தார். மறுபடியும் வள்ளம் இருந்தது, கொடி இல்லை. மூன்றாம் தடவை பல்லைக் கடித்துக்கொண்டு எடுத்தார். அதே கதை.

"என் கை தன்னால போகுது, டீச்சர்."

"நாப்பது வருஷமா அந்தப் பக்கமே போன கை."

"நம்ம பயலுக வரும்போது நான் எப்படிப் பார்க்காம இருக்க?"

ஜெசிந்தா கடலைப் பார்த்தபடி கேட்டாள். "நீங்க வள்ளத்துகூடப் போகணுமா, கோட்டுல நிக்கணுமா?"

 தொம்மை தொட்டில் தலையைத் தானே கழற்றினார். இரும்புக் கட்டியை எடுத்து மாட்டினார்.

போட்டி நாள். இரண்டு துறையும் கரையில் திரண்டு நின்றன. கஸ்பார் ஐந்தாறு ஆட்களோடு பாறைக்கு ஏறி வந்தார்.

"என்ன தோழரே, இந்த வருஷமும் வெள்ளாடுதானா? கிடாய் விருந்து உண்டுமா?"

தொம்மையின் நாக்கு நுனிக்குப் பதில் வந்துவிட்டது. மேடையில் சொன்னால் கைதட்டு விழும் பதில். அதை விழுங்கினார். கேமராவுக்கு முன் குனிந்து கொடிகளை நேர்படுத்தினார். திருகில் கை வைத்து, ஜெசிந்தாவைத் திரும்பிப் பார்த்தார்.

"இறுக்கட்டுமா, டீச்சர்?"

"இறுக்கலாம். தொம்மை இறுக்கின திருகுன்னுதான் நாளைக்கு ஊர் பேசும்."

தொம்மையின் கை திருகில் நின்றது. ஒரு மூச்சு விடும் நேரம். பிறகு கையை எடுத்தார்.

"ஓய் கஸ்பார், இங்க வாரும். கண்ணை வையும்."

"எதுக்குவே?"

"வையும்னா வையும். கொடி எத்தனை?"

கஸ்பார் சந்தேகத்தோடு குனிந்தார். "ஒண்ணு. இல்ல... பின்னால இன்னொண்ணு மறைஞ்சு நிக்கி."

"அதுதான் கோடு. ஒத்துக்கிடுதீரா?"

"கோடுதான். ஒத்துக்கிடுதேன்."

"அப்ப நீரே இறுக்கும்."

இதில் ஏதோ சூது இருக்கிறது என்று கஸ்பார் முக்காலியைச் சுற்றி வந்தார். கல்லைப் பார்த்தார். சூது கிடைக்கவில்லை. மூன்று திருகையும் நரம்பு புடைக்க இறுக்கினார். போதாது என்று மறுபடி ஒரு சுற்று. மணல்துறைக்காக அவர் அவ்வளவு உழைத்ததை யாரும் பார்த்ததில்லை. தொம்மை அசைத்துப் பார்த்தார். மலையை அசைத்த மாதிரி இருந்தது.

ஜெசிந்தா முதல் தடவையாகச் சிரித்தாள். கேமராவை இயக்கும் ஒயரின் பொத்தானை அவர் கையில் கொடுத்தாள். "ரெண்டு அடி தள்ளி நில்லுங்க."

வள்ளங்கள் கிளம்பின. இடது பக்கத்திலிருந்து சத்தம் வந்தது. சத்தம் நெருங்கியது. கல்துறை ஊளையிட்டது, மணல்துறைப் பெண்கள் தகரத்தைத் தட்டினார்கள். தொம்மையின் கழுத்து இடது பக்கம் இழுத்தது. கொடியைப் பார்த்தார். யாரோ அவர் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். கொடியைப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் கட்டியது. அந்தத் தண்ணீர் வழியாகவும் கொடியைத்தான் பார்த்தார். வெள்ளையாக ஏதோ வந்ததும் பொத்தானை அழுத்தினார். கேமரா படபடவென்று அடித்து ஓய்ந்தது.

இரண்டு துறையும் ஒரே நேரத்தில் ஜெயித்துவிட்டதாகக் கூச்சல் போட்டன.

ஜெசிந்தா லேப்டாப்பைப் பாறைமேல் வைத்துப் படங்களைத் திறந்தாள். கூட்டம் மொய்த்தது. அத்தனை படத்திலும் கொடி அதே இடத்தில், ஒரு மயிரிழை நகராமல் நின்றது. ஒரே ஒரு படத்தில் கொடியை ஒரு மூக்கு தாண்டியிருந்தது. ஒரு சாண். மற்ற மூக்கு கொடிக்கு இப்பால் நின்றது. அவள் அந்த மூக்கைப் பெரிதாக்கினாள். பொடி எழுத்துகள் திரை முழுக்க வந்து நின்றன.

கூட்டத்துக்குப் பின்னால் அகப்பட்டுக்கொண்ட தொம்மை எக்கிப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை.

"டீச்சர், யாரு?"

"நான் சொன்னாச் செல்லாது" என்றாள் ஜெசிந்தா, கஸ்பாருக்கு வழிவிட்டபடி.

கஸ்பார் குனிந்தார். உதடு மட்டும் அசைந்தது. நிமிர்ந்து தொண்டையைச் செருமினார்.

"காத்துக்குத் திருகு கொஞ்சம் நெகிழ்ந்திருக்கும்போல..."

"நீருதான மாமா இறுக்குனீரு!" என்றான் அவர் பக்கத்து ஆளே. பாறை அதிரச் சிரிப்பு எழுந்தது. இந்தத் தடவை இரண்டு துறையும் சிரித்தன.

கஸ்பார் தலைப்பாகையைக் கழற்றினார். பெயர் வாசிக்கும்போது அது வழக்கம். வாய்க்குள் என்னவோ முணுமுணுத்தார்.

"கடைசி வரிசைக்குக் கேக்கணும்" என்றாள் ஜெசிந்தா.

கூட்டம் அடங்கியது. பாறையிலும் மணலிலும் எல்லோரும் காது கொடுத்து நின்றார்கள். கஸ்பார் மூச்சை இழுத்து, கடலும் கேட்கும்படி வாசித்தார்:

"பத்தொன்பது வீடு!"