மூடி திறக்கும் சத்தம்

தெக்லா சிஸ்டர் தன் நாய்க்காகச் செய்துவைத்த முதலுதவிப் பெட்டியைப் பார்த்தால், நமக்கே ஒரு சிராய்ப்பாவது வரக்கூடாதா என்றிருக்கும். அவ்வளவு நேர்த்தி. பஞ்சு, காஸ் துணிச் சுருள், முனை மழுங்கிய கத்தரி, உப்புநீர் பாட்டில், உண்ணி எடுக்கும் இடுக்கி, தெர்மாமீட்டர், கையுறை, துவாலை, மாத்திரை அட்டை. மூடியின் உள்பக்கம் கால்நடை டாக்டரின் போன் நம்பர். தூத்துக்குடியில் முப்பத்து நான்கு வருடம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். வேறு எப்படிச் செய்வார்?

வீட்டில் அவரும் சீனியும் மட்டும்தான். சீனி, தெருவிலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட செவலை நாய். மாசி மாதம் கண்ணாடிச் சில்லு ஏறிய காலைக் காட்டாமல் மூன்று நாள் கட்டிலுக்கு அடியில் கிடந்துவிட்டாள். இழுத்து வெளியே போட்டபோது புண்ணில் புழு. இன்னும் ஒரு நாள் போயிருந்தால் காலையே எடுத்திருக்க வேண்டும் என்றார் டாக்டர். அடுத்த முறை ஒளிந்தால் பிணமாகத்தான் எடுப்போம் என்ற பயம் சிஸ்டரைப் பிடித்துக்கொண்டது. அந்தப் பயத்தில் பிறந்ததுதான் பெட்டி. புண் ஆறும்வரை தினமும் அதைத் திறந்துதான் மருந்து போட்டார்.

பெட்டியை அவர் மூக்கையா அண்ணாச்சியிடம் எடுத்துப்போனார். அண்ணாச்சி கால்நடை ஆஸ்பத்திரியில் உதவியாளர். டாக்டர் ஊசி போடும்போது மிருகத்தைப் பிடித்துக்கொள்வது அவர் வேலை. முரட்டுக் கிடாகூட அவர் கையில் கொட்டாவி விடும். படிப்பு எட்டாவது. சிஸ்டரைவிடப் பத்து வயது சின்னவர். நாய், பூனை வளர்ப்பவர்கள் எல்லோருக்கும் அவர்தான் குரு. எனக்கு அந்த மனிதர்மேல் கொஞ்சம் பொறாமைகூட உண்டு.

"இதுல என்ன குறை இருக்குன்னு சொல்லுங்க அண்ணாச்சி."

அண்ணாச்சி பெட்டிக்குள் பார்க்கவில்லை.

"வீட்டுக்குப் போவோம் சிஸ்டர்."

வீட்டில் சீனி வாசலில் படுத்திருந்தாள். அண்ணாச்சியைக் கண்டதும் வாலை ஆட்டினாள்.

"இப்ப திறங்க."

டக் என்று மூடி திறந்தது. வாசலில் நாய் இல்லை. கட்டிலுக்கு அடியில் வால்நுனி மட்டும் தெரிந்தது.

"நீங்க ஊசித் தட்டோட வார்டுக்குள்ள வந்தா பிள்ளைங்க என்ன செய்யும்?"

"அம்மா சேலைக்குள்ள போய் ஒளிஞ்சுக்கிடும்."

"எங்க வலிக்குதுன்னு கேட்டா?"

"வலிக்கவே இல்லன்னு சத்தியம் பண்ணும்."

சிஸ்டர் சிரித்தார். அண்ணாச்சி சிரிக்கவில்லை. சிஸ்டரும் நிறுத்திக்கொண்டார்.

அண்ணாச்சி பெட்டியிலிருந்த மாத்திரை அட்டையை எடுத்து சிஸ்டர் கையில் கொடுத்தார். "மனுசன் மாத்திரை இதுக்குள்ள வேண்டாம்." காலியான இடத்தில், சட்டைப் பையிலிருந்து நாலு வறட்டு பிஸ்கட்டை எடுத்து வைத்தார்.

"தெனமும் ஒருக்கா திறங்க. ஒரு துண்டு கொடுங்க. மூடிருங்க."

"மருந்து?"

"தொடக் கூடாது."

"எத்தன நாளைக்கு?"

"அவளா வந்து பக்கத்துல உக்காருத வரைக்கும்."

சிஸ்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சுத்தம் செய்து வைத்த காஸ் துணியோடு பிஸ்கட் தூளா? ஆபரேஷன் தியேட்டரில் முறுக்கு தின்கிற மாதிரி இருந்தது அவருக்கு. மறுநாளே எறும்பும் வந்துவிட்டது. திட்டிக்கொண்டே பிஸ்கட்டுக்கு ஒரு பிளாஸ்டிக் டப்பா வாங்கி உள்ளே வைத்து, பெட்டியை அலமாரிக்குக் கீழே வைத்தார். ஆனால் சொன்னதை விடவில்லை. குருவைத் திட்டியபடியே குரு சொன்னதைச் செய்கிற சீடர்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

முதல் வாரம் சீனி கட்டிலைவிட்டு வரவில்லை. பிஸ்கட்டைத் தரையில் வைத்துவிட்டு சிஸ்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டால், இழுத்துக்கொண்டு போய்த் தின்றாள். ஒன்பதாம் நாள் தலை வெளியே வந்தது. இருபதாம் நாள், மூடி திறந்த சத்தத்துக்குத் தெருமுனையிலிருந்து ஓடிவந்து பெட்டியோடு ஒட்டி உட்கார்ந்தாள். சிஸ்டர் அன்றைக்கு இரண்டு துண்டு கொடுத்தார்.

அண்ணாச்சியிடம் போய்ச் சொன்னபோது அவர் அடுத்த பாடத்தைச் சொன்னார்.

"காஸ் துணியால வாயைச் சுத்தி லேசாக் கட்டுங்க. அஞ்சு எண்ணுங்க. அவுத்துட்டு ஒரு துண்டு கொடுங்க."

"வாயை எதுக்குக் கட்டணும்? சீனி என்னைக் கடிக்க மாட்டா."

அண்ணாச்சி சட்டைக் கையை முழங்கைவரை சுருட்டினார். நீளமாக ஒரு பழைய தழும்பு.

"யார் கடிச்சது?"

"பால் ஊத்தி நான் வளத்த நாய். லாரியில அடிபட்டுக் கெடந்தா. அப்படியே கைய வச்சுத் தூக்கப் போனேன்."

"உங்களையா கடிச்சா?"

"வலி கடிச்சுது சிஸ்டர். அவ கடிக்கல. ஆனா அந்தக் கையோட என்னால அவளைத் தூக்க முடியல."

சிஸ்டர் நேராக வீட்டுக்குப் போனார். அன்று மாலையிலிருந்து பிஸ்கட்டுக்கு முன்னால் வாய்க்கட்டும் சேர்ந்துகொண்டது. சீனி அதையும் விளையாட்டில் சேர்த்துக்கொண்டாள்.

ஆவணியில் ஒருநாள், சாயங்காலம் நாலு மணி இருக்கும். சிஸ்டர் அடுப்பில் மீன் வறுத்துக்கொண்டிருந்தார். தெருவில் பைக் பிரேக் போட்ட சத்தம். கூடவே நாயின் அலறல்.

ஓடிவந்து பார்த்தபோது ரோட்டில் ரத்தம்தான் இருந்தது.

"உங்க நாய்தான் சிஸ்டர். அந்தச் சந்துக்குள்ள ஓடிருச்சு" என்றார் இஸ்திரிக்காரர்.

சந்தில் தேடினார். கோயில் மதிலின் பின்னால் தேடினார். நின்றிருந்த உப்பு லாரிகளுக்கு அடியில் மண்டியிட்டுப் பார்த்தார். "சீனி, சீனி" என்று தெரு முழுக்கக் கூப்பிட்டார். அடிபட்டால் ஒளிகிற பிறவி. எந்த இருட்டு மூலையில் போய்ப் படுத்ததோ, இனி நாற்றம் வந்துதான் கண்டுபிடிப்போமோ என்று அழுதுகொண்டே, சாக்கடைப் பாலத்துக்கு அடியில் பார்க்க டார்ச் எடுக்க வீட்டுக்கு வந்தார்.

கொல்லைக் கதவிலிருந்து உள்ளே ரத்தக் கோடு போயிருந்தது. கட்டில் பக்கம் திரும்பவில்லை. நேராக அலமாரிக்குக் கீழே போயிருந்தது. அங்கே, மூடியின்மேல் தாடையை வைத்துக்கொண்டு, சீனி பெட்டியோரம் படுத்திருந்தாள்.

சிஸ்டர் அப்படியே பக்கத்தில் உட்கார்ந்தார். சீனி தாடையை எடுத்துக்கொண்டாள். டக் என்று மூடி திறந்தது. வால் ஒரே ஒருமுறை அசைந்தது.

பிஸ்கட்டைக் காட்டினார். தின்னவில்லை. காஸ் துணியை எடுத்தார். சீனி வாயை நீட்டினாள்.

அதற்குப் பிறகு முப்பத்து நான்கு வருட அனுபவம் வேலை செய்தது. கிழிந்த தொடையில் பஞ்சுத் திண்டை வைத்து அழுத்தினார், துணி சுற்றினார், துவாலையில் ஏந்தினார், ஆட்டோ பிடித்தார். ஆஸ்பத்திரியில் டாக்டர் தைக்க, அண்ணாச்சி பிடித்துக்கொண்டார். பதினாறு தையல். தைத்து முடித்ததும் டாக்டர் சொன்னார், "ரத்தத்தை நிறுத்திக் கொண்டுவந்ததாலதான் இவ இருக்கா. எங்க ஒளிஞ்சிருந்தா?"

"ஒளியல டாக்டர்" என்றார் சிஸ்டர். அண்ணாச்சியைப் பார்த்துக் கும்பிட்டார். அண்ணாச்சி கூச்சப்பட்டுக்கொண்டு மேஜையைத் துடைக்கப் போய்விட்டார்.

வீட்டில் பத்து நாள் சிஸ்டரே புண்ணைக் கழுவிக் கட்டுப் போட்டார். தையல் பிரித்த அன்று பெட்டியையும் கையோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்திருந்தார். பஞ்சு தீர்ந்திருந்தது. துவாலையில் போகாத கறை. ஒவ்வொரு பொருள்மேலும் எழுதி ஒட்டியிருந்த பெயர்ச் சீட்டுகளில் பாதி அழிந்துபோயிருந்தது. பழைய அழகு ஒன்றும் மிச்சமில்லை.

"எல்லாத்தையும் புதுசா வாங்கி வைக்கணும் அண்ணாச்சி. இந்தத் தடவை நீங்க சொல்லுங்க, நான் எழுதிக்கிடுதேன்." நோட்டைத் திறந்து பேனாவோடு உட்கார்ந்தார்.

அண்ணாச்சி முதல்முறையாகப் பெட்டிக்குள் குனிந்து பார்த்தார். ஒவ்வொன்றாக நகர்த்தினார். கடைசியில் பிளாஸ்டிக் டப்பாவை எடுத்துக் காதருகே ஆட்டினார். சத்தம் வரவில்லை.

"பிஸ்கட் தீந்துபோச்சு சிஸ்டர். அதை மட்டும் போற வழியிலயே வாங்கிருங்க."